அத்தியாயம் 7: கேமரன் மலைத் தேயிலைப் பாதைகளில் குழு நடை

சென்ற அத்தியாயம் வரை தித்திவங்சா ஏரி, தைப்பிங் ஏரித் தோட்டம் என்று ஊருக்குள்ளேயே நடந்தோம். அங்கே ஒருவர் பின்தங்கினால் பெரிய விஷயமில்லை. ஏதாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், இல்லையென்றால் தேநீர்க் கடையில் இருப்பார். கேமரன் மலையில் பின்தங்கியவர் ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தாலே குரல் எட்டாது. பனிமூட்டம் இறங்கிவிட்டால் இருபது அடி தள்ளி நிற்பவர் யாரென்று தெரியாது. தூரத்திலிருந்து பார்க்கும்போது தேயிலைச் சரிவு எண்ணெய் வைத்து வாரிய தலை போல ஒழுங்காக இருக்கும். உள்ளே கால் வைத்த பிறகுதான் அதன் குணம் தெரியும்.

பத்து முதல் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன். அது கோயில் குழுவாக இருக்கலாம், பள்ளிக்கூடப் பழைய மாணவர்களாக இருக்கலாம், பாட்டியிலிருந்து பேரன் வரை கிளம்பும் குடும்பமாகவும் இருக்கலாம். மலையேறிப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. மாமியாரையும் மருமகனையும் ஒரே பாதையில் நடத்தி, இருவரையும் நல்ல மனநிலையில் திருப்பிக் கூட்டிவருவதுதான் இங்கே பேச்சு.

மலையைப் பற்றிக் கொஞ்சம்

1885இல் இந்தப் பக்கம் வந்த வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளரின் பெயர்தான் மலைக்கு. தேயிலை பிறகு வந்தது. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். பாரத் தோட்டம் 1933இல் வந்தது. காட்டைத் திருத்தி, சரிவை வெட்டி, கன்று நட்டவர்களில் நம்மவர்கள் ஏராளம். உங்கள் குழுவிலேயே யாராவது ஒருவரின் தாத்தாவோ பாட்டியோ இங்கே கொழுந்து எடுத்திருக்கக்கூடும். அப்படி ஒருவர் இருந்தால் அவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தானா ராத்தா பட்டணம் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டரைச் சற்றுத் தாண்டும். இந்த உயரத்தில் மூச்சு முட்டாது, பயம் வேண்டாம். ஆனால் கோலாலம்பூர் சூட்டிலிருந்து போன உடம்பு இரண்டு விஷயத்தில் ஏமாந்துபோகும். குளிரில் தாகம் தெரியாது. வெயில் சுடுவதும் தெரியாது. இரவு தலையணையில் சாயும்போதுதான் பிடரி எரிவது தெரியவரும்.

எந்தப் பாதையில் போவது

முதல் தடவை குழுவைக் கூட்டிப்போகிறவர் தோட்டச் சாலையை எடுங்கள், காட்டுப்பாதை வேண்டாம். தார்ச்சாலையில் என்ன இருக்கிறது என்று இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

*சுங்கை பாலாஸ் சாலை.* பிரிஞ்சாங் ஊரைத் தாண்டி, கியா ஃபார்ம் சந்தைப் பக்கத்தில் பிரியும் மலைச்சாலை இது. மேலே போய் இரண்டாகக் கிளைக்கும். ஒன்று குனோங் பிரிஞ்சாங் உச்சிக்கும் பாசிக் காட்டுக்கும் ஏறுகிறது. மற்றது போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தேயிலை மையத்துக்குப் போகிறது. இரண்டு பக்கமும் தேயிலைதான். முடியும் இடத்தில் கழிப்பறை, தேநீர், சரிவின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் மாடம், தொழிற்சாலை எல்லாம் உண்டு. குழு நடைக்கு என் முதல் தேர்வு இதுதான். ஒரே குறை, சாலை பல இடங்களில் ஒரு கார் போகும் அகலம்தான். மையத்துக்குத் திங்கட்கிழமை வழக்கமான விடுமுறை நாள். ஆகவே திங்களைத் தவிர்த்து, முந்தின நாள் ஒருமுறை விசாரித்துக்கொண்டு போங்கள்.

*பாரத் பள்ளத்தாக்கு.* ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் நடுவே பெருஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. வயதானவர்கள் அதிகம் உள்ள குழுவுக்குச் சரி. இறங்கி, ஒரு சுற்று நடந்து, ஏறி வந்து தேநீர் குடிக்கலாம். இறங்கும்போதே ஏறிவர வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். முழங்கால் வலிக்காரர்கள் கீழே போனபிறகு சொன்னால் கோபப்படுவார்கள்.

*9ஆம் எண் பாதை.* தானா ராத்தாவிலிருந்து ஆற்றோரமாக ராபின்சன் நீர்வீழ்ச்சிக்குப் போகும் காட்டுப்பாதை. நகரத்து ஆற்றங்கரை நடைக்கு அடுத்த படி என்று இதைச் சொல்லலாம். அருவி வரை போய்த் திரும்புவது நடுத்தரம். அருவியைத் தாண்டி 9ஆம் பாதை மின்நிலையத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்கிவிடும். அதில் குழுவை விடவேண்டாம். 9ஏ என்ற கிளை சற்றுச் சாதுவாக இறங்கி, போ தோட்டத்துச் சாலையில் கொண்டுபோய் விடும். ஆளுக்கு ஆள் பழகிய குழுவானால் அதை எடுக்கலாம். அந்த முனையில் வேன் காத்திருக்கவேண்டும்.

குனோங் ஈராவ், பாசிக் காட்டின் உட்பாதை இவை எல்லாம் வேறு கணக்கு. முழங்கால் வரை சேறு, வேர்ப்பின்னல், வன இலாகாவின் அனுமதிச் சீட்டு, மலை வழிகாட்டி. அவற்றைப் பத்தாம் அத்தியாயத்தில் பார்ப்போம். கூட்டத்தில் யாராவது, 'இவ்வளவு தூரம் வந்தோமே, அதையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம்' என்பார். அவருக்கு முடியாது என்று சொல்வது தலைவரின் முதல் வேலை.

ஒரு வாரத்துக்கு முன்

1. நீங்கள் ஒருமுறை தனியாகப் போய் நடந்து பாருங்கள். முடியாவிட்டால் சமீபத்தில் நடந்தவரிடம் நேரில் கேளுங்கள். போன வருடத்துப் படங்களை நம்பவேண்டாம். ஒரு மண்சரிவு போதும், பாதை மாறிவிடும்.

2. நேரத்தைக் கணக்கிடுங்கள். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். இது ஓய்வில்லாமல் நடக்கும் திடகாத்திரமான ஆளுக்கு. நம் குழுவுக்கு அதை இரண்டால் பெருக்குங்கள். 6 கிலோமீட்டர் தூரம், 200 மீட்டர் ஏற்றம் என்றால் அவர் கணக்கில் ஒன்றரை மணி நேரம் வரும். உங்களுக்கு மூன்று மணி நேரம்.

3. தோட்டத்துக்குச் சொல்லுங்கள். பொதுச்சாலையில் நடக்க யாரையும் கேட்கவேண்டாம். தேயிலைக்குள் போகும் மண்பாதையில் இறங்குவதாக இருந்தால் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். இருபது பேர் திடுதிப்பென்று வேலைக்காட்டுக்குள் நுழைவது விருந்தாளி செய்யும் காரியம் இல்லை.

4. ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்: சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், ஆஸ்துமா, முழங்கால். குழுவின் வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். அங்கே எல்லோரும் 'நான் ரெடி' என்று கட்டைவிரலைத் தூக்குவார்கள். தொலைபேசியில் கூப்பிட்டு, 'என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, அண்ணே?' என்று கேட்டால் உண்மை வரும்.

5. கழிப்பறை எங்கெங்கே என்று குறித்துவையுங்கள். தேயிலைக் காட்டில் கிடையாது. பெண்கள் இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள். மயக்கம் வருவதற்கு அது ஒரு காரணம். ஊரைவிட்டுக் கிளம்பும்போதும், தேயிலை மையத்தை அடைந்ததும் நிறுத்தம் உண்டு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

6. நடைக்கு வராத ஒருவரிடம் பாதை, பெயர்ப்பட்டியல், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதிக்கொடுங்கள். 'மாலை ஐந்து மணிக்குள் நான் கூப்பிடாவிட்டால் நீங்கள் கூப்பிடுங்கள். ஆறு மணி வரை பதில் இல்லை என்றால் 999' என்று சொல்லிவையுங்கள்.

7. கைத்தொலைபேசியில் வரைபடத்தை இறக்கிவையுங்கள். பள்ளங்களில் அலைவரிசை கிடைக்காது.

*எந்த மாதம்?* அக்டோபர், நவம்பரில் மழை அதிகம். ஜனவரி பிற்பகுதி, பிப்ரவரி, ஜூன், ஜூலை பரவாயில்லை. பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் கியா ஃபார்ம் பக்கம் கார்கள் அசையாது. நடந்து போகிறவர்களுக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டுதான், ஆனால் புகை முழுவதும் உங்கள் மூக்கில் ஏறும்.

பையில் என்ன

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மழை அங்கி, தொப்பி, மாற்றுச் சட்டை ஒன்று, விசில், அவரவர் மாத்திரை. குடையை விட்டுவிடுங்கள், சரிவில் காற்று அதைப் பிடுங்கும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, கனக்கும். பருத்தி பனியனும் அப்படியே. வியர்வையில் நனைந்த பனியனோடு நின்று தேநீர் குடிக்கும் பத்து நிமிடத்தில்தான் உடம்பு நடுங்கத் தொடங்கும். அதற்குத்தான் மாற்றுச் சட்டை.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. புதுக் காலணி வாங்கி அன்றைக்கே போட்டுக்கொண்டு வருகிறவர் குழுவுக்கு ஒருவர் நிச்சயம் இருப்பார். மூன்றாம் கிலோமீட்டரில் கொப்புளம். ஓடிப் பழகிய பழைய காலணி, அடிப்பக்கம் தேயாததாக இருந்தால் அதுவே போதும்.

தலைவர் பையில் கூடுதலாக: கிரேப் பேண்டேஜ், பிளாஸ்டர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், கைவிளக்கு, சார்ஜ் செய்யும் பேட்டரி, சர்க்கரை மிட்டாய், குப்பைப் பை இரண்டு.

சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை மிஞ்சியது இல்லை. கெடாது, கொட்டாது, குளிரில் ருசி கூடும். சம்பல் ஒழுகும் நாசி லெமாக்கைப் பைக்குள் வைத்த அனுபவம் எனக்கு உண்டு, விவரம் வேண்டாம்.

*குறிப்பு:* தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலை வளைவுக்குப் பேர்போனது. வாந்தி வருகிறவர்கள் அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டு, முன் இருக்கையில் உட்காரட்டும். சிம்பாங் பூலாய் வழி அகலமானது, வளைவும் குறைவு. வாந்தி எடுத்த களைப்போடு யாரையும் நடக்க விடாதீர்கள். முந்தின நாளே வந்து தங்குவது உத்தமம்.

புறப்படும் காலை

1. ஏழரைக்கு ஆள் சேர்த்து, எட்டுக்குள் நடக்கத் தொடங்குங்கள். மழை பெரும்பாலும் பிற்பகலில்தான். ஒரு மணிக்குள் கூரைக்குக் கீழே வந்துவிடுவதுதான் திட்டம்.
2. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று அவரவர் எண்ணை அவரவரே உரக்கச் சொல்லவேண்டும். தலையை எண்ணாதீர்கள். தலைவர் எண்ணினால் தன்னை விட்டுவிட்டு எண்ணுவார், அல்லது நகர்கிற ஒருவரை இரண்டு தடவை எண்ணுவார்.
3. இருவர் இருவராகச் சோடி சேருங்கள். கணவன் மனைவியை ஒரே சோடியில் போடவேண்டாம் என்பது என் அனுபவம். பாதி வழியில் பேச்சு நின்று, ஒருவர் முன்னே போய்விடுவார்.
4. முன்னால் போகிறவர் யார், கடைசியில் வருகிறவர் யார் என்று எல்லோருக்கும் காட்டுங்கள்.
5. விசில் பாஷை: ஒன்று என்றால் 'நில்'. இரண்டு என்றால் 'வா'. நிமிடத்துக்கு ஆறு என்றால் ஆபத்து.

முன்னவரும் கடைசியவரும்

கடைசியில் வருகிறவரை எங்கள் குழுவில் 'கார்டு' என்போம். ரயிலில் கார்டு பெட்டி கடைசியில்தானே? கொடி அவர் கையில் இருக்கும், வண்டி அவரைக் கேட்காமல் கிளம்பாது. குழு நடையில் மிகப் பொறுமையான, மிக அனுபவமான ஆளை இந்த இடத்தில் போடுங்கள். பெரும்பாலானவர்கள் செய்கிற தவறு, கெட்டிக்காரரை முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் கிடைத்தவரை நிறுத்துவது. முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்தால் போதும். கடைசியில் வருகிறவருக்கு மனிதர்களைத் தெரியவேண்டும். யார் நொண்டுகிறார், யார் பேச்சை நிறுத்திவிட்டார், யார் மூன்றாம் தடவையாகக் காலணிக் கயிற்றைக் கட்டுகிற சாக்கில் மூச்சு வாங்குகிறார் என்பதெல்லாம் அவர் கண்ணில்தான் படும்.

கார்டுக்கு இரண்டே சட்டம்: தனக்குப் பின்னால் யாரையும் விடக்கூடாது, குழுவில் இல்லாதவருக்காகவும் நிற்கக்கூடாது.

முன்னவருக்கு மூன்று. மெதுவாக நடக்கவேண்டும், அதாவது தனக்கு எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக. ஏற்றத்தில் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பாதை பிரியும் இடம் எதையும் கார்டைக் கண்ணால் பார்க்காமல் தாண்டக்கூடாது. மூன்றாவது ஓய்வு பற்றியது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன்னால் போகிற கூட்டம் ஒரு வளைவில் உட்காரும். தண்ணீர் குடிக்கும், படம் எடுக்கும், பத்து நிமிடம் இளைப்பாறும். அப்போது கடைசி ஆள் இரைக்க இரைக்க வந்து சேர்வார். உடனே முன்னவர் எழுந்து, 'சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்' என்பார். யாருக்கு ஓய்வு மிக அவசியமோ அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. இதே கதை நாலு இடத்தில் நடந்தால் அந்த மனிதர் ஐந்தாவது இடத்தில் விழுவார், அல்லது அடுத்த வருடம் வரமாட்டார். ஆகவே ஓய்வுக் கடிகாரம் கார்டு உட்கார்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கவேண்டும். கடைசி ஆள் தண்ணீர் குடித்து, மூடியைத் திருகி, தானாக எழுந்த பிறகு கிளம்புங்கள்.

பாதை பிரியும் இடத்துச் சட்டத்தை நான் பட்டுத்தான் கற்றேன். சுங்கை பாலாஸ் சாலை கிளைக்கிற இடத்தில் நாங்கள் எட்டுப் பேர் பேச்சு சுவாரஸ்யத்தில் தேயிலை மையத்துப் பக்கம் திரும்பிவிட்டோம். பின்னால் வந்த இருவர் உச்சிக்குப் போகும் சாலையில் ஏறிவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்தது நாற்பது நிமிடம் கழித்து. பனி வேறு. ஒரு காய்கறி லாரிக்காரர் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். எனக்கு அன்று தேநீர் இறங்கவில்லை.

தனியாக யாரையும் அனுப்பாதீர்கள், 'பக்கத்தில்தான், பார்த்துவிட்டு வருகிறேன்' என்றாலும். தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பேர்பெற்ற ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து பிற்பகலில் நடக்கப் போனார். நூற்றுக்கணக்கானோர் காட்டைச் சலித்தும் அவர் கிடைக்கவே இல்லை. அவருக்கு என்ன ஆனது என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை உண்டு. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: கூட ஒரு ஆள் போயிருந்தால் கதைக்கே வேலை இருந்திருக்காது.

மலைச்சாலையில் வண்டிகளோடு

1. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலப்பக்கம், ஒற்றை வரிசையில் நடங்கள்.
2. வலப்பக்கம் மலைச்சுவர் முட்டிக்கொண்டு திரும்பும் குருட்டு வளைவில் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. வளைவுக்கு முன்பே எல்லோரும் நின்று, இரு பக்கமும் பார்த்து, மொத்தமாக இடப்பக்கம் மாறி, வளைவு முடிந்ததும் அதேபோல் திரும்புங்கள். ஒவ்வொருவராக மாறக்கூடாது.
3. முன்னவரும் கார்டும் பளிச்சென்ற நிறத்தில் மேலங்கி போடட்டும். பனியில் கைவிளக்கை எரியவிடுங்கள்.
4. வண்டி வந்தால் 'கார்' என்று முன்னிருந்து பின்னுக்குக் குரல் கொடுங்கள். சாலையின் வெளி விளிம்பில் ஒதுங்காதீர்கள். மழைக்குப் பின் அந்த மண் இளகியிருக்கும்.

தேயிலைக்குள் நடந்துகொள்வது

தேயிலையை வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும். கொழுந்து எடுப்பதற்காக இடுப்பளவில் கவாத்து செய்து மேல்பக்கத்தை மட்டமாக வைத்திருக்கிறார்கள். பார்க்க மெத்தை. ஆனால் இலைக்குக் கீழே இருப்பது பல வருடத்து முற்றிய கட்டை, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கணுக்காலைக் கீறும். நிரைகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டியிருக்கும். மேலே இலை மூடியிருப்பதால் கண்ணில் படாது.

இந்தக் கானில்தான் எங்கள் குழுவின் ஒரு மாப்பிள்ளை விழுந்தார். படத்துக்காகச் செடிகளுக்கு நடுவே இரண்டு எட்டு வைத்தார், மூன்றாவது எட்டில் ஆள் பாதி உயரம் ஆகிவிட்டார். கணுக்கால் பிசகியது. சாலைக்குக் கொண்டுவந்து சேர்க்க ஒரு மணி நேரம். அப்போது எங்களோடு வந்திருந்த பாட்டி, சிறுவயதில் கொழுந்து எடுத்தவர், அவரைப் பார்த்து, 'ஏம்ப்பா, செடிய பாத்துக்கிட்டா நடப்பாங்க? கானு இருக்கும்ல, கால பாத்துல்ல நடக்கணும்' என்றார். பிறகு தடியால் இலையை ஒதுக்கி, தரையைத் தட்டிப் பார்த்து, பக்கவாட்டில் பாதத்தை வைத்து எப்படி இறங்குவது என்று இளைஞர்களுக்கு நடந்து காட்டினார். எழுபது வயதுக்கு மேல். தோட்டத்து மூத்தவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள் என்று முதலில் சொன்னது இதனால்தான்.

ஆகவே:

1. செடிகளுக்கு நடுவே இறங்கவேண்டாம். வண்டிப்பாதையிலும் நடைபாதையிலும் மட்டும் நடங்கள். படத்துக்குப் பாதை ஓரமே போதும்.
2. முதுகில் தொட்டி கட்டி மருந்து அடிக்கிறவர்களைக் கண்டாலோ, மருந்து வாடை வந்தாலோ காற்று வரும் திசைப் பக்கம் ஒதுங்குங்கள், அல்லது திரும்பிவிடுங்கள். குழந்தைகள் இலையைக் கிள்ளி வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
3. இருவர் பிடித்துப் போகும் கொழுந்து வெட்டும் இயந்திரம் வந்தால் தள்ளி நில்லுங்கள். சத்தத்தில் அவர்களுக்கு உங்கள் குரல் கேட்காது. கண்ணும் இலையில்தான் இருக்கும்.
4. வேலை செய்கிறவர்களைப் படம் எடுக்கும்முன் கேளுங்கள். இப்போது வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே அதிகம். மொழி தெரியாவிட்டால் கேமராவைக் காட்டித் தலையசைத்தால் போதும். லயத்து வீடுகளைப் படம் எடுக்காதீர்கள். அது குடியிருப்பு, கொடியில் துணி காயும் இடம்.
5. தோட்டத்துக் கோயிலில் கும்பிடப் போனால் சேற்றுக் காலணியை வாசற்படியில் அல்ல, தள்ளிக் கழற்றுங்கள். கூட்டிப் பெருக்குகிறவர் வேறொருவர்.

மழை, இடி, ஆறு

மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குக் குறைவாக இருந்தால் நடையை நிறுத்துங்கள். தேயிலைச் சரிவில் இடுப்புக்கு மேல் நிற்பது நீங்கள் மட்டும்தான். தனி மரத்தடியும் நாலு கால் நட்ட தகரக் கொட்டகையும் பாதுகாப்பு இல்லை. சுவர் உள்ள கட்டடம் அல்லது வேன். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம்.

ஆற்றோரப் பாதையில் இன்னொன்று. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேல்மலையில் பெய்த மழை திடீரென்று வரும். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயிர்' என்பார்கள். தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். அருவிப் பாறையில் சாப்பாட்டுப் பந்தியை விரிக்காதீர்கள். பாரிட் அருவியில் ஊர்க் கழிவும் வந்து சேர்கிறது. அங்கே காலை நனைக்கவும் வேண்டாம்.

இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்திருந்தால் நடையைத் தள்ளிப்போடுங்கள். சரிவில் புதுப் பிளவு, சாய்ந்த மரம், சாலையில் விழுந்த மண் எதைக் கண்டாலும் திரும்புங்கள். ஓட்டல் முன்பணம் போனால் போகட்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்

*ஒருவரைக் காணவில்லை.* எல்லோரும் தேடக் கிளம்பாதீர்கள், காணாமல் போனவர் எண்ணிக்கை கூடும். குழுவை ஒரே இடத்தில் உட்காரவையுங்கள். இருவர் மட்டும் கடைசியாகப் பார்த்த இடம் வரை திரும்பிப் போகட்டும். அரை மணி நேரத்தில் வந்துவிடவேண்டும். கிடைக்காவிட்டால் 999. வழி தவறியவர் செய்யவேண்டியது: நின்ற இடத்தில் நிற்பது, நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. இதைப் புறப்படும்போதே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

*கணுக்கால் பிசகினால்.* காலணியை உடனே கழற்றாதீர்கள், வீங்கிய பிறகு மாட்ட முடியாது. காலணியோடு சேர்த்துக் கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில் சுற்றுங்கள். நாலடி ஊன்றி நடக்க முடியாவிட்டால் எலும்பு முறிவு என்றே எடுத்துக்கொண்டு வண்டி வரவழையுங்கள். மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது.

*சர்க்கரைக்காரர் வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால்.* குளிரில் வியர்க்கிறதே என்று சந்தேகப்படுங்கள். உட்காரவைத்து 15 கிராம் சர்க்கரை கொடுங்கள், அதாவது மூன்று தேக்கரண்டி சீனி, அல்லது அரை டம்ளர் இனிப்புப் பானம். பதினைந்து நிமிடம் பொறுத்துத் தெளியவில்லை என்றால் மறுபடி. தெளிந்ததும் இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிடவையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 999 கூப்பிடுங்கள். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டுக் காலைப் பசியாறலைத் தவிர்த்தவருக்குத்தான் இது பெரும்பாலும் வரும். புறப்படும்முன் 'சாப்டீங்களா?' என்று கேட்பது இங்கே வெறும் உபசாரம் இல்லை.

*அட்டை.* காட்டுப்பாதையில் ஒட்டும். பிடித்து இழுக்காதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். அதன் மெல்லிய முனைப் பக்கம் நகத்தை நுழைத்து வழித்துவிடுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் வடியும், அவ்வளவுதான். கத்துகிறவரைச் சமாளிப்பதுதான் சிரமம்.

*குளவி, தேனீ.* கூடு கண்டால் சத்தமில்லாமல் திரும்புங்கள். கொட்டத் தொடங்கினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடவேண்டும், படுக்கக்கூடாது. உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதமில்லாமல் மருத்துவமனை.

*பாம்பு கடித்தால்.* கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடிப்போய் அடிக்கவேண்டியதில்லை.

திரும்பும்போது

இறக்கத்தில்தான் முழங்கால் படுத்தும், இறக்கத்தில்தான் கவனமும் போகும். முடியப்போகிறது என்ற எண்ணம் வந்ததும் இளைஞர்கள் ஓடத் தொடங்குவார்கள். முன்னவர் அவர்களைத் தாண்டவிடக்கூடாது. குறுகிய அடியாக, முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை அழுத்தாமல் இறங்கச் சொல்லுங்கள்.

1. நடை முடிந்த இடத்தில் ஈரச் சட்டையை மாற்றச் சொல்லுங்கள். தேநீர் அதற்குப் பிறகு.
2. குப்பைப் பையை நீங்களே தூக்கிக்கொண்டு ஊர்த் தொட்டியில் போடுங்கள்.
3. வேன் கிளம்பும்முன் மறுபடி எண் சொல்லச் சொல்லுங்கள். எல்லோரும் சீட்டில் சாய்ந்திருப்பார்கள், சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. சுற்றுலா மையத்துக் கழிப்பறையில் இருந்த ஒருவரை விட்டுவிட்டுத் தாப்பா வரை இறங்கிய வேனை நான் அறிவேன்.
4. பட்டியல் கொடுத்துவிட்டு வந்த ஆளைக் கூப்பிட்டு, எல்லோரும் வந்தாயிற்று என்று சொல்லுங்கள். மறந்தால் ஆறு மணிக்கு அவர் 999ஐக் கூப்பிடுவார். அதைத்தானே அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள்.